வெற்றுக் கட்டங்களை வாசித்தவன்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று இப்போதைய ஆய்வக உதவியாளர் பிரபு இரண்டு முறை வீட்டுக்கு வந்து கேட்டார். "அண்ணா, அந்தக் காலத்துல லினக்ஸ் மிஷின்ல விண்டோஸ் பிரவுசர ஓட்டிக் காட்டுனீங்களாமே, அதையே எழுதுங்க. பசங்களுக்குப் புதுசா இருக்கும்" என்றார். என் பணி நிறைவு விழாவிலும் மேடையில் பேசிய மூன்று பேரும் அதைத்தான் சொன்னார்கள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அடக்கமான மனுசன் என்று கை தட்டினார்கள்.

அது அடக்கம் இல்லை, பிள்ளைகளே. அந்த பிரவுசரால் நம் பள்ளிப் பிள்ளை ஒருத்திக்கு நான் செய்த கெடுதல் அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும் தெரியும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் குனிந்திருந்தேன். பிரபு கேட்ட கதையையே எழுதுகிறேன், ஆனால் முழுசாக எழுதுகிறேன். என் மகள் கவிதாவும் இந்தப் பள்ளியில் படித்தவள். அவளிடமும் இதுவரை சொன்னதில்லை. மலர் வீட்டுக்கு வரும்போது அவளும் வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பும் தட்டச்சும் படித்தவன். குமாரபாளையத்தில் இருந்து நாலு கிலோமீட்டரில் இருக்கும் நம் பள்ளியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் பதினோரு வருசம் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவினேன். பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது அவற்றை வேதியியலுக்குப் பக்கத்து அறையில் வைத்தார்கள். சாவி என்னிடம் இருந்தது. அப்படித்தான் நான் கம்ப்யூட்டர்காரன் ஆனேன். தெருவெல்லாம் தறி ஓடும் ஊர் என்பதால் மாதம் ஒரு முறை பெட்டியைக் கழற்றினால் மின்விசிறியில் பஞ்சு திரி மாதிரி சுற்றியிருக்கும். அதை எடுத்து ஊதிச் சுத்தம் செய்வதில் தொடங்கி, கேட்டுக் கேட்டு மீதியைக் கற்றுக்கொண்டேன். ஈரோட்டில் ஆறு மாத வகுப்புக்கும் போனேன். என் படிப்பு அவ்வளவுதான்.

அப்போது தலைமையாசிரியர் செங்கோட்டுவேல் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார், ஆறாம் வகுப்புப் பையனையும் 'வாங்க' என்பார். திட்ட மாட்டார். சந்தேகம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அதே கேள்வியை இரண்டாவது முறை கேட்பார். முதல் முறை சொன்ன பதிலை மாற்றிக்கொள்ள நமக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறார் என்பது பழகினவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கம்ப்யூட்டர்களில் இருந்த விண்டோஸ் எல்லாம் கடைவீதியில் நகல் எடுத்த குறுந்தகட்டில் இருந்து போட்டது. அது அவருக்குத் தெரிய வந்த அன்றே எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். "திருட்டுச் சாமான வெச்சுக்கிட்டுப் புள்ளைங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக்குடுக்க முடியாதுங்க" என்றார். வாங்குவதற்குப் பள்ளியில் வசதி இல்லை. எனவே யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய லினக்ஸைப் போட்டோம். பாடம் நடத்த அது தாராளமாகப் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெயர்ப்பட்டியலை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று தேர்வு அலுவலகத்தில் இருந்து சுற்றறிக்கை வந்தது. அந்த இணையதளமோ விண்டோஸின் பிரவுசரில் மட்டும்தான் திறக்கும். எங்கள் லினக்ஸில் இருந்த பிரவுசரில் திறந்தால் வெள்ளைப் பக்கம்தான் வரும்.

"பாலத்துக்கிட்ட இருக்கற பிரவுசிங் சென்டருக்குப் போய் ஏத்திட்டு வந்துருங்க" என்றார் சார். அப்படியே செய்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு ரோசம். நம்மிடம் இருபது மிஷின் இருக்கும்போது எதற்கு இன்னொருவன் கடையில் போய்க் காத்துக் கிடப்பது? விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓடவைக்க ஒயின் என்று ஒன்று இருக்கிறது என்று ஈரோட்டு வகுப்பில் கேள்விப்பட்டிருந்தேன். சாரிடம் அந்தப் பேரைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "பள்ளிக்கூடத்துக்குள்ள அந்தப் பேரச் சத்தமாச் சொல்லாதீங்க. ஆசிரியருங்க ஆளுக்கொரு டம்ளரோட வந்துருவாங்க."

அது எப்படி வேலை செய்கிறது என்று இப்போது படிக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். விண்டோஸ் புரோகிராம் ஒவ்வொரு வேலைக்கும் விண்டோஸிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். சன்னல் திற, எழுத்தைக் காட்டு, கோப்பை எடு என்று. ஒயின் நடுவில் உட்கார்ந்து அதைக் காதில் வாங்கி, லினக்ஸிடம் இருந்து அதேபோல ஒன்றை எடுத்துக் கொடுக்கும். எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதே அந்த புரோகிராமுக்குத் தெரியாது. கேட்டது கிடைக்கிற வரை ஓடும். கிடைக்காத இடத்தில் சில சமயம் நின்றுவிடும். சில சமயம் நிற்காமல், கிடைத்ததுபோலவே மேலே போய்விடும். இரண்டாவது வகைதான் ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது.

பதினைந்து நாள் பாடுபட்டேன். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஒயினை நிறுவினேன். அது விண்டோஸில் இருப்பதுபோலவே ஒரு பொய்யான சி டிரைவ் கோப்புறையை உண்டாக்கியது. அதற்குள் பிரவுசரை நிறுவினேன். முதலில் திறந்தவுடன் மூடிக்கொண்டது. எந்த விண்டோஸ் என்று அது கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற இடத்தை மாற்றினேன். மூடிக்கொள்ளாமல் நின்றது. தளம் திறந்தது, ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் சின்னச் சின்ன வெற்றுக் கட்டங்கள். எழுத்துரு இல்லாத குறை. தெரிந்தவரிடம் எழுத்துருவை வாங்கி வந்து போட்டதும் திரையில் தமிழ் வந்துவிட்டது. அச்சிடும் பக்கத்துக்கு மட்டும் வேறு எழுத்துரு போலிருக்கிறது, அது கிடைக்கவில்லை. காகிதத்தில் பெயர்கள் ஆங்கிலத்தில் சரியாக வரும், தமிழ்ச் சொற்கள் கட்டமாக வரும். திரையில் சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

செய்தி பரவியது. சுற்றுவட்டப் பள்ளிகளில் இருந்து எழுத்தர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் வெல்லமும் கடலையும் வாங்கி வந்து கொடுத்துக் கற்றுக்கொண்டு போனார். "பன்னெண்டாவது படிச்சவன் பண்ணுன வேலையாங்க இது" என்று என் காதுபடவே சொன்னார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருசம் பத்தாம் வகுப்பில் சுகந்தி என்று ஒரு மாணவி இருந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. புத்தகத்தை மூக்கில் ஒட்டினால் பெரிய எழுத்து மட்டும் தெரியும். காதால் கேட்டே படிப்பாள். செய்யுள் முழுவதையும் ஒரு முறை கேட்டால் திருப்பிச் சொல்வாள். தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கப்போவது அவள்தான் என்று தமிழாசிரியரே வகுப்பில் சொல்லியிருந்தார். அவளுடைய அம்மா பாப்பாத்தி தறிப்பட்டறையில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறவர். அப்பா இல்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவர் ஒருவரைத் தருவார்கள். அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பாப்பாத்தியம்மா வேலைக்கு விடுப்புப் போட்டு நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை நடையாய் நடந்து அதை வாங்கிவந்து, கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகவே என் கையில் கொடுத்தார். நெகிழிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நான் கோப்பில் வைத்தேன்.

பட்டியல் ஏற்றும்போது சுகந்தியின் பக்கத்தில் சலுகை என்ற இடத்தில் 'சொல்வதை எழுதுபவர்' என்று தேர்ந்தெடுத்தேன். சான்றிதழின் நகலை இணைக்க ஒரு சிறு சன்னல் திறக்க வேண்டும். அது மின்னி மறைந்தது. எங்கள் மிஷினில் சன்னல் மின்னி மறைவது வழக்கம்தான், பெரும்பாலும் அவை வெறும் அறிவிப்புகள். சேமி என்று அழுத்தினேன். 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது. அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். சான்றிதழ் போய்ச் சேராததால் நான் தேர்ந்தெடுத்ததும் கூடவே அழிந்து, பழையபடி 'இல்லை' என்றே நின்றிருக்கிறது. அதற்கு பிரவுசரையும் குறை சொல்ல முடியாது, ஒயினையும் குறை சொல்ல முடியாது. லினக்ஸ் என்ற வீட்டுக்காக அந்த பிரவுசரை யாரும் செய்யவில்லை. கொண்டுவந்து வைத்தவன் நான்.

சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. அச்சிட்ட பட்டியலில் அவர் கையெழுத்துப் போடும் முன்னால் ஒவ்வொரு மாணவரும் வந்து தன் வரியைத் தானே வாசித்துப் பார்த்து ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "அவங்க வாழ்க்கை அது. அவங்க பாக்காம நான் போடக் கூடாதுங்க" என்பார். வரிசையாக வந்து போட்டார்கள். கட்டங்களைப் பார்த்துச் சிலர் கேட்டார்கள். எழுத்துருக் கோளாறு, உள்ளே சரியாக இருக்கிறது என்றேன். சுகந்தி வந்தாள்.

அவளால் வாசிக்க முடியாது. "எனக்குப் படிச்சுக் காட்டுங்க சார்" என்றாள்.

நான் காகிதத்தைக் கையில் எடுத்து வாசித்தேன். பெயர், பிறந்த தேதி, மொழிப்பாடம். அப்புறம் சலுகை. அங்கே இருந்தது வெறும் கட்டங்கள். நான் நிறுத்தாமல், "சலுகை, சொல்வதை எழுதுபவர்" என்று வாசித்தேன். காகிதத்தில் இல்லாததை எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்துக் காட்டினேன். அவள் ரொம்பச் சந்தோசமாக, நான் விரல் வைத்த இடத்தில் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

தேர்வு நடந்தது பக்கத்து ஊர்ப் பள்ளியில். முதல் நாள் தமிழ் முதல் தாள். மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அங்கிருந்து சாருக்குப் போன் வந்தது. உங்கள் மாணவி, 'சொல்வதை எழுதுபவர்' எங்கே என்று கேட்கிறாள், எங்களுக்கு வந்த பட்டியலில் அப்படி எதுவும் இல்லை, உத்தரவு இல்லாமல் விட முடியாது என்றார்கள். சார் எவ்வளவோ பேசிப் பார்த்தார். சுகந்தி தனியாகவே எழுதினாள். கேள்வித்தாளை மூக்கோடு ஒட்டி, எழுத்து எழுத்தாகத் தேடி.

போன் வந்ததும் நான் ஆய்வகத்துக்கு ஓடிப்போய்ப் பட்டியலின் நகலை எடுத்தேன். சலுகைப் பத்தியில் எல்லார் வரியிலும் ஐந்து கட்டங்கள். 'இல்லை' என்ற சொல் எங்கள் மிஷினில் ஐந்து கட்டமாக உடையும். சுகந்தியின் வரியிலும் ஐந்தே கட்டங்கள். நான் வாசித்துக் காட்டினது அங்கே இருந்திருந்தால் அந்த வரி மட்டும் நீளமாக வெளியே தெரிந்திருக்கும். எண்ணக்கூட வேண்டியதில்லை, ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும்.

எனவே சார் என்னைக் கூப்பிட்டபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நான் சாக்குச் சொல்ல முடியாது.

தேர்வு முடிந்து மத்தியானம் பாப்பாத்தியம்மாவும் சுகந்தியும் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். சாரின் அறைக்கு வெளியே நின்றார்கள். சுகந்தியின் நெற்றியில் மை ஒட்டியிருந்தது. சார் என்னிடம், "சான்றிதழ் நம்ம கைக்கு எப்பங்க வந்துச்சு?" என்றார்.

"தேதி முடிஞ்சப்புறந்தானுங்க சார். அவங்கம்மா தாமசமாத்தான் கொண்டாந்தாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எப்பங்க வந்துச்சு?"

நான் அதே பதிலை மறுபடியும் சொன்னேன்.

அவர் அம்மாவையும் பெண்ணையும் உள்ளே கூப்பிட்டார். "ஏனுங்கம்மா, சான்றிதழத் தாமசமாக் குடுத்தீங்களா?"

பாப்பாத்தியம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் அன்றைக்கே பிழைத்திருப்பேன். கணக்குப் போடுகிற மாதிரி ஒரு பார்வை. பிறகு சாரைப் பார்த்து, "ஆமாங்க. நாந்தான் தாமசம் பண்ணிப்போட்டேன்" என்றார்.

பக்கத்தில் நின்ற சுகந்தி அம்மாவின் கையில் இருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

சார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சான்றிதழை என்னிடம் இருந்து வாங்கிக்கொண்டு அவரே நாமக்கல் கல்வி அலுவலகத்துக்குப் போனார். மாலைக்குள் உத்தரவு வாங்கிவிட்டார். இரண்டாம் தாளில் இருந்து சுகந்திக்கு ஆள் கிடைத்தது.

அன்றைக்கு அவர்கள் கிளம்பும்போது வேப்பமரத்தடி வரைக்கும் பின்னாலேயே போனேன். சுகந்தி முன்னால் போய்விட்டாள். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மாதான் பேசினார். "இன்னும் அத்தன பரிச்ச இருக்குதுங்க. எல்லாத்துக்கும் உங்ககிட்டத்தான எம்புள்ள வரோணும். நாளைக்கு ஆளு வந்துருமில்லீங்க சாமி?"

"வந்துரும்மா" என்றேன்.

சுகந்தி தேறினாள். தமிழில் மட்டும், இரண்டாம் தாள் கைகொடுத்ததால், தட்டுத்தடுமாறித் தேறினாள். தமிழில் முதலாவதாக வேறொரு பிள்ளை வந்தது. அடுத்த வருசம் பட்டியல் போடும் நாளில் சார், "நானும் கூட உக்காந்துக்கறேனுங்க" என்று சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு பாலத்தருகே இருந்த கடைக்கே போனார். ஓய்வு பெறும் வரை அப்படியே செய்தார். இப்போது அவர் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுவரை எழுதியதைவிட அதுதான் எழுதக் கூசுகிறது.

என் மகள் கவிதாவும் அதே வருசம்தான் பத்தாவது. அதே பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. ஏற்றி முடித்த மறுநாள் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. நம் மிஷினில் தேதியும் மாதமும் இடம் மாறிப் போயிருந்தால் பிள்ளையின் பிறந்த தேதி தப்பாகிவிடுமே என்று. மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் அதே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, விண்டோஸ் மிஷினில் தளத்தைத் திறந்து கவிதாவின் வரியைப் பார்த்தேன். சரியாக இருந்தது. மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சுகந்தியின் பெயர் அடுத்த பக்கத்தில் இருந்தது. அங்கே தமிழ் தெளிவாக, கட்டம் எதுவும் இல்லாமல் 'இல்லை' என்று தெரிந்திருக்கும். திருத்துவதற்கு ஒரு வாரம் அவகாசமும் இருந்தது. ஊரெல்லாம் மெச்சின என் வேலையை என் பிள்ளை விசயத்தில் நானே நம்பவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அது போதும் என்று விட்டிருக்கிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் பாப்பாத்தியம்மாவைப் போய்ப் பார்த்தேன். இப்போது தறிக்குப் போவதில்லை. முழங்கால் வலி. நான் வந்த காரியத்தைச் சொன்னதும், "அதெல்லாம் போச்சாதுங்க, உடுங்க" என்றார். பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "அவகிட்ட மட்டும் நான் சொல்லவேயில்லீங்க" என்றார். பரீட்சை முடியட்டும் என்று இருந்தாராம். அப்புறம் சொன்னால் நம்புவாளா என்று இருந்துவிட்டாராம். "ஒருநா சண்டையில சொல்லிப்போட்டா. ஒரு காயிதத்த நேரத்துல குடுக்கத் தெரியாதவ நீயின்னு. அப்பக்கூட வாய் வரைக்கும் வந்துதுங்க. முழுங்கிப்போட்டேன்."

என்னோடு போனது என்று நான் நினைத்திருந்த பொய் அந்த வீட்டுக்குள் இத்தனை வருசமாகக் குடியிருந்திருக்கிறது.

சுகந்தி சேலத்தில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புத் தரும் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். குரலை வைத்தே என்னைக் கண்டுகொண்டு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சான்றிதழ் மூன்று வாரம் முன்னதாகவே வந்ததை, நான் வாசித்துக் காட்டினதை, அவள் அம்மா என்னைக் காப்பாற்றினதை, கவிதாவின் வரியைத் தனியாகப் போய்ப் பார்த்ததை. கடைசி வரை கேட்டாள்.

"கவிதா பேருக்கும் எம் பேருக்கும் நடுவுல எத்தன பேருங்க சார்?" என்றாள்.

"பதினோரு பேரும்மா."

தலையை ஆட்டிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "இருங்க சார். மொதல்ல அம்மாகிட்டப் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மேசையைத் தடவிப் போனை எடுத்து, அம்மாவைக் கூப்பிடும்படி அந்தப் போனிடமே சொன்னாள். நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்பது அதற்கு மேல் அவளுக்கு ஒரு பொருட்டாக இல்லை. எழுந்து வெளியே வந்தேன். செருப்பை மாட்டும்போது உள்ளே அவள் "அம்மா" என்றது கேட்டது. அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்றாள். அப்புறம் அவள் அழுகிற சத்தம் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற யோக்கியதை எனக்கு இல்லை. படியிறங்கி நடந்தேன்.